ஒன்பதாம் மாடியில் வெள்ளம்

ஏசி மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்கிற ஆள் இந்த இர்விங் வட்டாரத்தில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். இரண்டாம் வருஷம் அந்த பெஞ்சுக்கே என் மேல் சலிப்பு வந்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பி சிங்கப்பூரில் பதினோரு வருஷம் ஏசி வேலை பார்த்தேன். பிறகு என் மனைவிக்கு டெக்சஸில் நர்ஸ் வேலை கிடைக்க, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா வந்தேன். (இந்த வரியை எழுதாவிட்டால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.) வந்த இடத்தில் ஒரு பழைய வேனும் ஒரு ஏணியுமாகத் தொடங்கிய கம்பெனி, இன்று இர்விங்கில் நிற்கிறது, ஜெர்சி சிட்டியில் நிற்கிறது, கலிபோர்னியாவின் பே ஏரியாவில் கொடி நாட்டியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் டிப்ளமோ, டிகிரி. ரொம்ப சந்தோஷம். கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. நாலு பெரிய மனிதர்கள் சுற்றி நின்று உங்கள் வாயையே பார்க்கும்போது அந்த வாயிலிருந்து என்ன வர வேண்டும்? அதை எந்த காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

முதலில் சிங்கப்பூரைப் பற்றி ரெண்டு வார்த்தை. காலையில் கிளம்பி பஸ்ஸில் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவுதான் ஊர். அங்கே எனக்கு ஒரு சீனத்து சூப்பர்வைசர் இருந்தார். ஒருநாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்ப்பை நிறுத்தி, கழற்றி, புதுசு மாட்டச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

"நல்லாத்தானே சார் ஓடுது? எங்க ஊர்ல இதை வெச்சு இன்னும் பத்து வருஷம் ஓட்டுவாங்க."

"ஓடும்போது மாத்தினா ரெண்டு மணி நேரம்," என்றார் அவர். "நின்னப்புறம் மாத்தினா ரெண்டு நாள். உங்க ஊர்ல இடம் இருக்கு, ஒரு கட்டடம் கெட்டா பக்கத்துல இன்னொண்ணு கட்டிக்குவீங்க. எங்களுக்குப் பக்கத்துல கடல்தான் இருக்கு."

அந்த ஊர் எப்படிப் பணக்கார ஊர் ஆச்சு, எப்படி அப்படியே நிற்கிறது என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்களாம். எனக்கு அந்த ஒரு பம்ப் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதே இர்விங்கின் லாஸ் கொலினாஸ் பகுதியில் பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றைப் பல வருஷமாக நாம்தான் பராமரித்து வந்தோம். அன்றைக்குக் கம்பெனியில் இருந்த பதினான்கு பேருக்கும் சோறு போட்டது அந்தக் கட்டடம். அப்போது அதை விற்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வாங்க வருவது யார்? சிங்கப்பூர்க்காரர்கள்! அந்த ஊர் ஜனங்களின் முதுமைக்கான பணத்தை உலகம் பூராவும் முதலீடு செய்கிற ஒரு நிறுவனம். புது முதலாளி வந்தால் பழைய பராமரிப்பு கான்ட்ராக்ட் தானாகச் செத்துப்போகும். அவர்களுக்கு நம்மைப் பிடித்தால் பிழைத்தோம், பிடிக்காவிட்டால் பதினான்கு குடும்பம் தெருவில்.

அவர்கள் பார்வையிட வந்தது ஆகஸ்டு மாதம். நம் கரிசல் மண் மாதிரியே கறுப்பு மண் இந்த ஊரிலும். கோடையில் வெடித்துப் பிளக்கும். அது பிளந்தால் மேலே இருக்கிற தரையும் சுவரும் ஆட்டம் காணும் என்பதால், இங்கே வீட்டைச் சுற்றி ரப்பர் குழாய் புதைத்து அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். செடிக்கு ஊற்றுகிற மாதிரி வீட்டுக்கு ஊற்றுகிற ஊர் இது! எங்கள் பெரிய கட்டடம் ஆழத் தூணில் நின்றது, அதற்குக் கவலையில்லை. ஆனால் ஒட்டினாற்போல் இருந்த சின்னக் கட்டடத்துக்கும் நடைபாதைக்கும் கோடை முழுக்கக் குடிதண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

விற்கிறவர்கள் பக்கத்து மேனேஜர் பிராட். ஆறடி உயரம், பூட்ஸ், நல்ல மனுஷன், ஆனால் அன்றைக்குப் பதற்றத்தில் இருந்தார். காலையிலேயே என்னை ஓரங்கட்டினார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டா 'எஸ் மேடம், நோ ப்ராப்ளம்'. அவ்வளவுதான். கதை சொல்லக் கூடாது. சரியா?"

என்னைப் பார்த்துக் கதை சொல்லாதே என்கிறார்!

அந்த நிறுவனத்தின் சார்பில் வந்த சிங்கப்பூர் மேடம் காரிலிருந்து இறங்கினார். என் தோளுக்குக்கூட வரமாட்டார். கேன்வாஸ் ஷூ, கையில் குடை. தமிழ் தெரியாது, பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். கூட ஒரு இன்ஸ்பெக்டர், அப்புறம் அவர்கள் பக்கத்து வக்கீல். வக்கீல் நித்யா, நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் பிறந்து வளர்ந்த நம்ம தமிழ்ப் பெண். தமிழில் கேட்டால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அது எனக்குத் தெரியாமல் போனதுதான் வினை.

லாபியில் எல்லோரும் நிற்கிறோம். பிராட் கட்டடத்தின் பெருமையை அளந்துகொண்டிருக்கிறார். "ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது மேடம், ஒரு சொட்டு!"

அந்த நிமிஷம் பார்த்து என் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கத்தியது.

"அண்ணே! ஒம்பதாம் மாடியில வெள்ளம் ரொம்பி வழியப் போவுது, கேட்டியளா! நான் வரட்டா?"

கத்தியது ஜெபராஜ். அவனும் என்னைப் போல நர்ஸ் பெண்டாட்டி புண்ணியத்தில் வந்து சேர்ந்தவன், நாகர்கோவில் பக்கம். கம்பெனியில் சேர்ந்து ரெண்டே மாசம்தான் ஆகியிருந்தது.

ஒன்பதாம் மாடியில் வெள்ளமென்றால் எட்டாம் மாடியில் கூரை இடிந்துவிழும், ஏழாம் மாடியில் மழை. நான் சிரித்துக்கொண்டே வாக்கி-டாக்கியின் வாயை உள்ளங்கையால் பொத்தினேன்.

நித்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், டிட் ஹி ஜஸ்ட் சே ஃப்ளட்? நைன்த் ஃப்ளோர்?"

பிராட் முகம் சுண்ணாம்பு ஆனது. மேடம் குடையை இறுக்கிப் பிடித்தார். "ஒன்பதாவது மாடி," என்றார். "போகலாம்."

லிஃப்டில் அந்த ஒன்பது மாடி ஏறுவதற்குள் எனக்கு ஒன்பது வயது கூடிவிட்டது. கதவு திறந்தது. தரை காய்ந்து கிடந்தது. கார்பெட்டில் கால் வைத்துப் பார்க்கிறேன், காய்ந்த பஞ்சு மாதிரி. மெஷின் ரூமைத் திறந்தேன். அங்கேயும் வெள்ளம் இல்லை. நடுநாயகமாக ஒரு ஆரஞ்சு நிற பக்கெட். அதன் விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

இதைப் படிக்கிறவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இருந்தால் இப்போதே சிரித்திருப்பீர்கள். அவர்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், குளிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். வீட்டுக்கு வந்தவரிடம் "கொஞ்சம் வெள்ளம் குடிக்கியளா?" என்பார்கள். ஜெபராஜ் இரண்டு மாசமாக என்னிடம் பொதுத்தமிழை ஒழுங்காகப் பேசிவந்தான். அவசரத்தில் ஊர்ப் பேச்சு முந்திக்கொண்டது. பக்கெட்டில் தண்ணீர் நிறைந்துவிட்டது, வந்து எடுக்கவா என்று கேட்டிருக்கிறான் பாவி.

சரி, பக்கெட் எதற்கு? அது எனக்கும் அந்த நொடிதான் தெரிந்தது. ஏசியிலிருந்து சாக்கடைக்குப் போகிற குழாயின் மூட்டைக் கழற்றி அதன் அடியில் பக்கெட் வைத்திருக்கிறான். பின்பக்கம் லாரி வந்து நிற்கிற இடத்தில் நாலு தொட்டியில் கறிவேப்பிலையும் காந்தாரி மிளகாயும் இருந்தன. யாருடையது என்று நான் கேட்டதே இல்லை, பறித்து மட்டும் இருக்கிறேன். அதற்குத்தான் இந்தத் தண்ணீர்! நம்மூரில் ஏசி இருக்கிற வீட்டிலெல்லாம் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் இருக்கும், யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. அமெரிக்க ஆபீஸில் பக்கெட் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஒழுகல்," என்றார் இன்ஸ்பெக்டர், பேப்பரில் எழுதிக்கொண்டே.

பிராட் என்னைப் பார்த்தார். "குழாயை யார் கழற்றினது? இப்ப எனக்குப் பேர் வேணும்."

இதுதான் நான் சொன்ன அந்த நேரம். ஜெபராஜ் பேரைச் சொன்னால் அவன் அன்று மத்தியானமே வெளியே. ரெண்டு மாசத்து ஆள், யார் கேட்பார்கள்? தெரியாது என்றால், என் கட்டடத்தில் நடப்பது எனக்கே தெரியாது என்று ஆகும்.

"நான்தான்," என்றேன்.

பிராட் வாயைத் திறந்தார். அதற்குள் நான் மேடம் பக்கம் திரும்பிவிட்டேன். "மேடம், ஒழுகல் இல்ல. இது ஏசியோட வேர்வை. டெக்சஸ் காத்துல இருக்கிற ஈரம்தான் குளுந்து சொட்டுது. சும்மா சாக்கடைக்குப் போற தண்ணி. நான் பிடிச்சு செடிக்கு ஊத்துறேன்."

மேடம் பக்கெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கீழே வரும்போது பார்த்தேன். மண்ணுக்குக் குழாய்ல தண்ணி ஓடுது. அது எந்தத் தண்ணி?"

"குடிதண்ணி மேடம்."

"குடிதண்ணியை மண்ணுல விடுறீங்க. நல்ல தண்ணியைச் சாக்கடையில விடுறீங்க." அவர் பிராட்டைப் பார்க்கவில்லை, பிராட்தான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். "இந்த பக்கெட் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?"

என் நாக்கு நுனியில் பத்து நிமிஷம் என்று ஒரு பொய் வந்து உட்கார்ந்திருந்தது. நான் யார்? எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருக்கிற ஆள். ஆனால் பதினோரு வருஷம் அந்த ஊர்க்காரர்களோடு இருந்தவன். அவர்கள் எண்ணைக் கேட்டால் சரிபார்ப்பார்கள்.

"தெரியாது மேடம்," என்றேன். கல்யாணம் ஆன நாள் தொட்டு என் வாயிலிருந்து வராத வார்த்தை.

"அப்ப பார்த்துடலாம்," என்று சொல்லிவிட்டு, மூலையில் மூடி வைத்திருந்த என் டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கெட்டைக் காலி செய்து மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தேன்.

நீங்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். பல மில்லியன் டாலர் கட்டடம். அதை வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு மெஷின் ரூமில் வட்டமாக நின்று ஒரு காலி பக்கெட்டை வேடிக்கை பார்க்கிறார்கள். சொட்டு, சொட்டு, அப்புறம் விரல் தடிமனுக்கு ஒரு ஒழுக்கு. நித்யா செல்போனில் நேரம் வைத்தாள். பத்து நிமிஷத்தில் பிராட் கோட்டைக் கழற்றினார்.

"ஒரு மணி நேரம் ஆகும்," என்றார்.

"இருபது நிமிஷம்," என்றாள் நித்யா.

"நாற்பது," என்றார் இன்ஸ்பெக்டர், அவர் பந்தயம் கட்டுகிற ஆள் என்று நான் நினைக்கவே இல்லை.

காத்திருந்த நேரத்தில் நான் சும்மா இருப்பேனா? "மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க ஊரு ஏற்கெனவே பணக்கார ஊரு. இன்னும் எதுக்கு இந்த டெக்சஸ் வெயில்ல வந்து கட்டடம் வாங்குறீங்க?"

"எங்களுக்கு வயசாகுது," என்றார். "எனக்கு மட்டும் இல்ல, ஊருக்கே. குழந்தைங்க கொஞ்சம், கிழவங்க நிறைய. ஊரைப் பெரிசாக்கவும் முடியாது. வளர்ந்தது ஒரு தலைமுறையோட வேலை, அதைக் கலையாம வெச்சுக்கறது இனிமே வர்ற எல்லாரோட வேலையும். நான் வாங்குறது நான் போனப்புறமும் வாடகை கொடுக்கணும். அதனாலதான் எங்கே போனாலும் பைப்பையும் பம்ப்பையும் பார்க்கிறேன். லாபி எல்லா இடத்துலயும் அழகாத்தான் இருக்கும்."

பிராட் இருமினார்.

தண்ணீர் கடைசி ஒரு அங்குலத்துக்கு வந்தபோது எல்லோரும் குனிந்துவிட்டோம். "கம் ஆன், கம் ஆன்!" என்கிறார் பிராட், தான் பந்தயத்தில் தோற்றுவிட்டதையே மறந்து. விளிம்பைத் தொட்டதும் நித்யா கத்தினாள்: இருபத்தாறு நிமிஷம்! அந்த ரூமில் கைதட்டல், சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டல்! மேடம் மட்டும் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பன்னிரண்டு மாடி, கோடை நாலு மாசம் என்று பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கி முடித்து அடியில் கோடு போட்டு நிமிர்ந்தார்.

"கீழே இருக்கிற மண்ணுக்குப் போதும். மிஞ்சும்கூட." எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க யோசனை ரொம்ப நல்ல யோசனை."

இங்கேதான் கவனியுங்கள், பிள்ளைகளே. திட்டு விழுகிற நேரத்தில் "நான்தான்" என்றேனே, அது நல்ல காரியம். பாராட்டு விழுந்தபோது அதே "நான்தான்" என் வாயில் ஒட்டிக்கொண்டது.

"இதெல்லாம் நமக்குச் சாதாரணம் மேடம்," என்றேன்.

அடுத்த ரெண்டு வாரம் என் கால் தரையில் படவில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் கமிட்டி மீட்டிங்கில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பெட்ரோல் போடுகிற இடத்தில் அந்நியன் ஒருவனிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல பக்கெட் எனக்குச் சின்ன வயதிலேயே தோன்றிய ஞானமாகிவிட்டது. ஒருநாள் வேனில் ஜெபராஜ் பக்கத்தில் இருக்கும்போதே ஒருவருக்கு போனில் சொன்னேன். அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

"என்னலே சிரிக்க?" என்றேன், அவன் பாஷையிலேயே.

"ஒண்ணும் இல்லண்ணே. நல்லா சொல்லுதீங்க."

பிறகு அழைப்பு வந்தது. கட்டடத்தை வாங்கிவிட்டார்கள். கான்ஃபரன்ஸ் ரூமில் மேடம், நித்யா, நான். மேஜையில் காகிதம். இந்தக் கட்டடம் மட்டுமில்லை, ஜெர்சி சிட்டியில் ஒன்று, பே ஏரியாவில் மூன்று. பதினைந்து வருஷம்! ஒவ்வொன்றிலும் ஏசி தண்ணீரைப் பிடித்து மறுபடி உபயோகிக்க வேண்டும், அதை நாம்தான் செய்துகொடுக்க வேண்டும். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நித்யா முதல் பக்கத்தை வாசித்தாள். நடுவில் ஒரு வரி: இந்த முறையைக் கண்டுபிடித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்று போட்டு, என் பேர்.

"அதை இன்னொரு தரம் படிம்மா," என்றேன்.

படித்தாள். கேட்க எவ்வளவு இனிமை! எட்டாம் வகுப்பு வாத்தியார் உயிரோடு இருந்தால் ஃபிரேம் போட்டு அனுப்பியிருப்பேன். பேனாவை எடுத்துவிட்டேன். ஆனால் கை இறங்கவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே என்னிடம் பொய் சொன்ன ஆளுக்கா ஐந்து கட்டடம் என்று மேடம் எழுந்து போய்விடலாம். பதினான்கு பேர். சொல்லாவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, ஜெபராஜ் சாகும்வரை வாயைத் திறக்க மாட்டான்.

"மேடம், அந்த வரியை அடிங்க," என்றேன். "பக்கெட் என்னது இல்ல. நம்ம ஆள் ஒருத்தன் வெச்சது. அன்னைக்கு அவன் வேலை போயிடுமேன்னு நான்னு சொன்னேன். அப்புறம் நீங்க பாராட்டினீங்க, நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

மேடம் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். ஏன் இப்ப சொல்றீங்க?"

"ஒரு வருஷ கான்ட்ராக்ட்னா சொல்லியிருக்க மாட்டேன் மேடம். பதினைஞ்சு வருஷம்னு போட்டிருக்கீங்க. இந்தப் பொய்யை ரெண்டு வருஷம் ஓட்டுவேன், மூணு வருஷம் ஓட்டுவேன். பதினைஞ்சு வருஷத்துக்கு இதுக்கு மெயின்டனன்ஸ் பண்ண என்னால ஆகாது."

மேடம் அப்போதுதான் சிரித்தார். முதல் தடவை. சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. "அந்த ஆளைக் கூப்பிடுங்க."

ஜெபராஜ் வந்தான், கையெல்லாம் கிரீஸ். கதவுக்குள் தலையை நீட்டியதும் அவன் கண் என்னைத்தான் தேடியது. "அண்ணே, பக்கெட்ட அன்னிக்கே எடுத்துட்டேன் அண்ணே. சத்தியமா இப்ப இல்ல."

"உள்ள வாடா. மேடம் கேக்குறாங்க, எதுக்கு அந்த பக்கெட்டை வெச்சே?"

அவன் யோசித்தான். பெரிய காரணம் எதையாவது சொல்லி மானத்தைக் காப்பாற்று என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

"வெள்ளம் சும்மா போவுதேன்னு," என்றான்.

"வாட்டர்," என்றாள் நித்யா மேடத்திடம், அவசரமாக. "இந்தத் தடவை வாட்டர்."

மேடம் என் பேரை அடித்துவிட்டு ஜெபராஜ் பேரை எழுதச் சொன்னார். ஸ்பெல்லிங்கை அவனே சொன்னான், ஒவ்வொரு எழுத்தாக, அழாத குறையாக. ஐந்து கட்டடத்துத் தண்ணீர் வேலைக்கும் அவனே பொறுப்பானான். அதனால்தான் இன்றைக்கு உங்கள் சம்பளச் செக்கில் கையெழுத்துப் போடுவது அவன். எனக்கு வருத்தமா என்று சிலர் கேட்கிறார்கள். வருத்தம்தான்! அந்த வரி எவ்வளவு அழகான வரி!

கையெழுத்துப் போட்டு முடித்தபிறகு எனக்கு ஒரு கணக்கு தட்டியது. "மேடம், இது முடியறப்ப எனக்கு எண்பத்தொண்ணு."

"எனக்கு எண்பத்தாறு," என்றார், பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டே. "இவருக்கும் அறுபதைத் தொட்டிருக்கும். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினேன். கடைசி வருஷத்துக்குப் பொறுப்பாளர் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கோடு, பேர் இல்லை.

"இதுல யார் பேர் எழுதணும் மேடம்?"

"தெரியலை. அவர் இன்னும் உங்க கம்பெனியில சேரலைன்னு நினைக்கிறேன்."

நீங்கள் போன திங்கட்கிழமை சேர்ந்தீர்கள். நான் வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கோடு காலியாகத்தான் இருக்கிறது.